சட்டமும் உரையும்

மூலத்தை உரையோடு சேர்த்துப் படிப்பது தமிழர் மரபு. தொல்காப்பியம் முழுமைக்கும் முதன்முதல் உரை வகுத்த இளம்பூரணரை ‘உரையாசிரியர்’ என்னும் பெயராலேயே நம் முன்னோர் சுட்டினர். திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர் என்பதைப் பெருமையோடு கூறிக்கொள்கிறோம். காண்டிகையுரை என்பதில் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை ஆகிய ஐந்தும் அமைய வேண்டும் என்பது நன்னூலார் கொள்கை. நூற்பா எத்துணைச் சுருங்கியதோ அத்துணைக்கு உரை இன்றியமையாதது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

நாட்டின் சட்டங்களும் ஒருவகையில் நூற்பாக்களே. அவற்றில் ஒரு சொல் குறைந்தால் ஒருவர் வீடு கைவிட்டுப் போகும். ஒரு சொல் மிகுந்தால் மற்றொருவர் வரி கூடும். இலக்கண நூற்பாவை அறியாத மாணவன் தேர்வில் தோற்பான், அவ்வளவே. சட்டத்தை அறியாத குடும்பமோ உடைமையை இழக்கும். ‘சட்டம் எனக்குத் தெரியாது’ என்று சொல்லி எந்த நீதிமன்றத்திலும் தப்பிக்க இயலாது. அங்ஙனமாயின், வரவிருக்கும் சட்டத்தை எளிய மக்கள் உணருமாறு உரை எழுதித் தரும் கடமை யாருடையது? அவ்வுரை சட்டம் நிறைவேறுமுன் வரவேண்டுமா, பின்னர் வந்தால் போதுமா? இவ்வினாக்களின் வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம். நாம் சட்டம் பயின்றவர் அல்லோம். அரசாங்கக் கோப்புகளிடையே நாள் கழிப்பவர். எனினும் சட்டத்தின் கீழ் வாழும் ஒவ்வொருவருக்கும் இவ்வாராய்ச்சியில் உரிமை உண்டு.

கும்பினி ஆட்சியில் இதற்கான முதல் முயற்சியை 1793ஆம் ஆண்டில் காண்கிறோம். காரன்வாலிஸ் காலத்தில் வங்காளத்தில் பிறந்த 41ஆம் ரெகுலேஷன், இனி இயற்றப்படும் ஒவ்வோர் ஒழுங்குமுறையும் அதற்குரிய காரணத்தைக் கூறும் முகவுரையோடு அச்சாக வேண்டும் என்றும், பாரசீகத்திலும் வங்காளியிலும் மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்றும் விதித்தது. ஆள்வோர் ‘இதை ஏன் செய்கிறோம்’ என்று எழுத்தில் உரைக்க உடன்பட்டது சிறிய செய்தியன்று. ஆயினும் அது முடிந்துபோன சட்டத்திற்கு உரிய முகவுரையே. ஏற்றுக்கொள்வதன்றி மக்களுக்கு அங்கு வேறு பங்கில்லை.

அடுத்து நம் கருத்தைக் கவர்வது 1837ஆம் ஆண்டு. மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் அவ்வாண்டில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வரைவை அரசுக்கு அளித்தது. அவ்வரைவில் இரண்டு புதுமைகள் இருந்தன. பிரிவுகளின் அடியிலேயே எடுத்துக்காட்டுகள் அமைந்தன. ஒவ்வொரு விதியும் ஏன் அவ்வாறு எழுதப்பட்டது என்பதை விளக்கும் நீண்ட குறிப்புகளும் இணைக்கப்பட்டன. பிறர் நிலத்து மரத்தை நேர்மையற்ற நோக்கோடு ஒருவன் வெட்டுகிறான் என்றால், மரம் வேரினின்று பிரிந்த அப்பொழுதே திருட்டு நிகழ்ந்துவிடுகிறது. அவன் அதைத் தூக்கிச் செல்லும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. இவ்வாறு உலக வழக்கிலிருந்து எடுத்துக் காட்டியமையால் கடினமான இலக்கணம் எளிதாயிற்று. இவ்வரைவு சட்டமாகியது 1860இல். நடைமுறைக்கு வந்தது 1862 சனவரி முதல் நாள். 2024 சூலை முதல் நாள் அதன் இடத்தில் பாரதீய நியாய சன்ஹிதை நடைமுறைக்கு வந்த பின்னும் அந்த எடுத்துக்காட்டு முறை மறையவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மசோதாக்களை அரசிதழில் வெளியிடும் வழக்கம் வேரூன்றியது. மசோதாவோடு ‘நோக்கங்களும் காரணங்களும்’ என்னும் விளக்கவுரையும் அச்சாயிற்று. 1872இல் நிறைவேறிய ஒப்பந்தச் சட்டத்தின் விளக்கவுரையை 1867ஆம் ஆண்டு அரசிதழிலும், அதே ஆண்டில் நிறைவேறிய சாட்சியச் சட்டத்தின் விளக்கவுரையை 1868ஆம் ஆண்டு அரசிதழிலும் காணலாம். சட்டமாகுமுன் நான்கைந்து ஆண்டுகள் உரை பொதுவில் இருந்தது. கால அளவு போதியதே. ஆனால் ஆங்கிலம் அறிந்த சிலர்க்கே அது பயன்பட்டது.

அரசு எளிய உரை தாராதபோது மக்களே உரை செய்துகொள்வர் என்பதை 1919ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ரௌலட் மசோதாக்கள் வெளிவந்தன. இந்திய உறுப்பினர்களின் எதிர்ப்பையும் மீறி அவற்றுள் ஒன்று மார்ச்சுத் திங்களில் சட்டமாயிற்று. அப்போது சென்னையில் இராசாசியின் இல்லத்தில் தங்கியிருந்த காந்தியடிகளின் உள்ளத்தில்தான் நாடு தழுவிய கடையடைப்பு என்னும் எண்ணம் உதித்தது. வட இந்தியத் தெருக்களில் மக்கள் அச்சட்டத்தை மூன்றே தொடர்களில் சுருக்கினர்: வாதம் இல்லை, வக்கீல் இல்லை, அப்பீல் இல்லை. மேல்முறையீடு இல்லை என்பது சட்டத்தில் உள்ளபடியே. வக்கீல் இல்லை என்பது விசாரணை அதிகாரியின் முன் நிகழும் நடவடிக்கைக்குப் பொருந்துவது. எனவே அச்சுருக்கம் வெறுங் கற்பனையன்று. ஆனால் அதனோடு, சட்டத்தில் இல்லாதனவும் இருப்பனவாகப் பஞ்சாபில் வதந்திகள் பரவின. 1920இல் வெளிவந்த ஹண்டர் குழுவின் அறிக்கை இதனைப் பேசுகிறது. உரை இல்லாத இடத்தில் வதந்தி உரையாசிரியர் ஆகிவிடும்.

இதற்கு நேர்மாறான நல்ல எடுத்துக்காட்டும் நம் வரலாற்றில் உண்டு. இந்துச் சட்டத்தைத் தொகுத்துச் சீர்திருத்த அமைந்த பி. என். ராவ் குழு, 1944இல் தன் வரைவை வெளியிட்டது. அது பிராந்திய மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டுப் பரப்பப்பட்டது. 1945இல் குழுவினர் பம்பாய், கல்கத்தா, சென்னை, லாகூர் முதலிய நகரங்களுக்குச் சென்று, ஆதரித்தோர் எதிர்த்தோர் இரு சாராரின் சாட்சியங்களையும் கேட்டனர். சென்னையைச் சேர்ந்த டி. ஆர். வேங்கடராம சாஸ்திரியார் அக்குழுவின் உறுப்பினருள் ஒருவர். வைதிகரும் மாதர் சங்கத்தினரும் அவர்கள்முன் வாதிட்டனர். நன்னூலார் கூறிய வினாவும் விடையும் சட்டத்திற்கும் அமைந்தன என்று இதனைச் சொல்லலாம். அம்முயற்சி உடனே கனியவில்லை. 1951இல் மசோதா கைவிடப்பட, அமைச்சர் அம்பேத்கர் பதவி விலகினார். எனினும் 1955, 1956ஆம் ஆண்டுகளில் திருமணம், வாரிசுரிமை, காப்பாளர், தத்து என நான்கு சட்டங்களாக அது உருப்பெற்றது. நாடு பத்தாண்டு பேசிப் பழகிய பொருளாதலின், எதிர்த்தோரும் அதன் உள்ளீட்டை அறிந்தே எதிர்த்தனர்.

இன்று நாடாளுமன்றத்தில் வரும் மசோதா ஒன்றைக் கையில் எடுத்தால், அதன் கூறுகளுக்குப் பின்னே அமைச்சர் கையொப்பமிட்ட நோக்க காரண விளக்கவுரை இருக்கும். செலவு நேருமாயின் நிதிபற்றிய குறிப்பும், விதிகள் இயற்றும் அதிகாரத்தை அரசுக்கு அளிப்பதாயின் அதுபற்றிய குறிப்பும் இருக்கும். பெரிய மசோதாக்களில் கூறுதோறும் விளக்கம் காணப்படும். சட்டமன்றங்களின் மசோதாக்களிலும் நோக்க காரண விளக்கவுரை உண்டு. படிப்போர் முன்பக்கத்தினின்று தொடங்கி ‘இதன் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை’ என்று மூடிவிடுகின்றனர். கடைசிப் பக்கங்களிலிருந்து தொடங்கினால் பாதிப் பொருள் விளங்கிவிடும்.

ஆயின் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உரை மூலம் ஆகாது. ஒரே நூற்பாவுக்கு இளம்பூரணர் ஒன்று கூற நச்சினார்க்கினியர் வேறொன்று கூறுவதைக் காண்கிறோமன்றோ? 1952இல் அசுவினி குமார் கோஷ் வழக்கில், சட்டத்தின் சொற்களுக்குப் பொருள் காண நோக்க காரண விளக்கவுரையைத் துணைக்கொள்ளலாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. மசோதா அவையில் திருத்தம் பெறலாம். விளக்கவுரையோ பழையபடியே நிற்கும். எனவே உரையைக் கைவிளக்காகக் கொண்டு மூலத்தைப் படித்தல் வேண்டும். உரையை மட்டும் படித்து நிறைவடைவோர், விளம்பரத்தை நம்பிப் பண்டம் வாங்குவோரைப் போல்வர்.

இனி, பிறந்த மண்ணைவிட்டு வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இதனால் ஆவது என்ன? ஓர் உண்மை வரலாற்றைக் காண்போம். கூட்டுக் குடும்பத்தின் மூதாதையர் சொத்தில் மகளுக்கும் மகனோடு ஒத்த பங்குரிமை அளிக்கும் திருத்தத்தைத் தமிழ்நாடு இயற்றியது. அது 1989 மார்ச்சு 25 முதல் செல்லும். ஆனால் அந்நாளுக்கு முன் மணமான பெண்களுக்கு அது பொருந்தாது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த அக்காளுக்கு இல்லாத பங்கு தங்கைக்கு உண்டு என்பது அதன் விளைவு. பின்னர் மைய அரசு நாடு முழுமைக்கும் ஒரு மசோதாவை 2004 திசம்பர் 20இல் மாநிலங்களவையில் கொணர்ந்தது. மகளை விலக்கிவைப்பது பாகுபாடு என்றும், ஆந்திரம், தமிழ்நாடு, கருநாடகம், மகாராட்டிரம் ஆகியவை முன்பே சட்டத்தை மாற்றியுள்ளன என்றும் அதன் விளக்கவுரை தெளிவாகவே கூறியது. அது சட்டமாகி நடைமுறைக்கு வந்தது 2005 செப்டம்பர் 9 அன்று. ஆனால் எந்தப் பாகப்பிரிவினைகள் செல்லும் என்பதற்குச் சட்டம் வகுத்த எல்லை அந்நாளன்று. மசோதா அவைக்கு வந்த 2004 திசம்பர் 20ஆம் நாளே. அதற்குமுன் முறைப்படி முடிந்த பிரிவினைகள் காக்கப்பட்டன. பின்னர் நிகழ்ந்தவற்றுக்கு அக்காப்பு இல்லை. 2005இல் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டுவதில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2020 ஆகத்து 11இல் உறுதி செய்தது.

இதில் நாம் கற்கும் பாடம் ஒன்று உண்டு. ‘இன்னும் மசோதாதானே, சட்டமான பின் பார்த்துக்கொள்வோம்’ என்று இருந்துவிட முடியாது. மசோதா வைக்கப்பட்ட நாளே ஒரு குடும்பத்தின் உரிமையைத் தீர்மானிக்கும் நாளாக அமைந்துவிடலாம். ஊரில் நிலத்தையும் வீட்டையும் வைத்துவிட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியிருக்கும் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும்போது செய்தி தெரிந்து பயனில்லை.

ஊர்ச் சட்டம் தொலைவால் எட்டாதது என்றால், குடியிருக்கும் மாநிலத்தின் சட்டம் மொழியால் எட்டாதது. மகாராட்டிரம் மராத்தியிலும் கருநாடகம் கன்னடத்திலும் சட்டமியற்றுவது அவ்வவற்றின் உரிமை. அரசமைப்பின் 348ஆம் பிரிவு, அவற்றோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் அரசிதழில் வெளிவர வழிசெய்கிறது. ஆனால் நம் வீட்டு முதியோர்க்கும் மகளிர் பலர்க்கும் இவ்விரண்டும் உதவுவதில்லை. மொழிச் சிறுபான்மையர் நலன் கருதி 1956இல் மைய அரசு வெளியிட்ட குறிப்பாணை ஒன்று, ஒரு நகராட்சியிலோ வட்டத்திலோ 15 முதல் 20 விழுக்காடு மக்கள் பேசும் மொழியில் முக்கிய அறிவிப்புகளையும் விதிகளையும் வெளியிடுதல் நலம் என்றது. நகரெங்கும் சிதறி வாழும் நமக்கு இந்த விழுக்காடு எட்டாக்கனி. குறையிருப்பின், ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் விண்ணப்பம் செய்யும் உரிமையை 350ஆம் பிரிவு அளிக்கிறது. எனினும் விண்ணப்பிக்கவும் பொருள் முதலில் விளங்க வேண்டுமே!

இத்துறையில் அண்மைக்காலத்து முன்னேற்றம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2014ஆம் ஆண்டில் மைய அரசு வகுத்த கொள்கையின்படி, ஒவ்வோர் அமைச்சகமும் தான் கொணரவிருக்கும் சட்ட வரைவை எளிய நடையில் அமைந்த விளக்கக் குறிப்போடு குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, வந்த கருத்துகளைத் தொகுக்க வேண்டும். கொள்கை நன்று. ஆனால் அது கொள்கையேயன்றிச் சட்டமன்று. மாநில அரசுகளைக் கட்டுப்படுத்துவதுமன்று. மொழிச் சிக்கலும் தீர்ந்தபாடில்லை. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வெளிவந்தபோது, அதனை எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் பெயர்த்து வெளியிட வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் அவ்வாண்டு சூன் 30இல் பணித்தது. மைய அரசு அதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. கடலோரத்து மீனவரும் மலையடிவாரத்து உழவரும் கருத்துக் கூறவேண்டிய ஒரு வரைவு, அவர்தம் மொழியில் கிடைப்பதற்கு வழக்காட வேண்டியிருந்தது என்பது எண்ணத்தக்கது.

1793 முதல் இன்றுவரை நாம் கண்ட வரலாற்றில் ஒரு படிமுறை உண்டு. முதலில் காரணம் கூறினர். பின்னர் எடுத்துக்காட்டுத் தந்தனர். அதன்பின் முன்கூட்டியே வெளியிட்டனர். ஒருமுறை மக்களிடமே சென்று வினவவும் செய்தனர். இவற்றுள் எதுவும் ஆள்வோரின் கருணையாக எஞ்சக் கூடாது. தன்னைக் கட்டப்போகும் கயிற்றைக் கட்டுமுன் காணும் உரிமை குடிமகனுக்கு இயல்பாக உரியது.

அதுவரை நாம் கைகட்டி இருக்க வேண்டுவதில்லை. தமிழ்ச் சங்கங்கள் திருக்குறள் வகுப்பு நடத்துகின்றன. நம் குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கின்றன. திங்களுக்கு ஒருநாள் மாலையில், வழக்கறிஞர் ஒருவரும் அவ்வூர் மொழி அறிந்த ஓரிளைஞரும் அமர்ந்து, வீட்டு வாடகை, சொத்து, தொழிலாளர் நலம், பள்ளிக் கட்டணம் முதலியன குறித்து அவைக்கு வந்துள்ள மசோதாக்களை எளிய தமிழில் எடுத்துரைக்கலாகாதா? கருத்து இது, சொற்பொருள் இது, நம் வீட்டுக்கு எடுத்துக்காட்டு இது என்று கூறி, அவையோரின் வினாக்களுக்கு விடையும் பகரலாகாதா? நூலகத்துப் பலகையில் அதன் ஒருபக்கச் சுருக்கத்தை ஒட்டிவைத்தாலும் போதும். நாளிதழ் படிக்க வரும் பெரியவர்கள் அதனையும் படிப்பர். உரை எழுதுவதில் ஆயிரமாண்டுப் பழக்கமுடைய இனத்தார்க்கு இஃது அரிய செயலன்று.