பூட்டி வைத்துப் பணம் பார்த்த பொம்மைப் படங்கள்

1937-ல் 'ஸ்நோ ஒயிட்' முடிவதற்குள் வால்ட் டிஸ்னியின் கையில் காசு தீர்ந்துவிட்டது. கடன் கொடுத்துவந்த பேங்க் ஆஃப் அமெரிக்கா, மேற்கொண்டு கொடுப்பதற்கு முன் என்னதான் எடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துவர ஜோ ரோசன்பெர்க் என்ற அதிகாரியை ஸ்டுடியோவுக்கு அனுப்பியது. நிறம் ஏறாத பென்சில் கோடுகளும் நடுநடுவே வெற்றிடமுமாக ஓடிய படத்தை மனிதர் கல் மாதிரி உட்கார்ந்து பார்த்தார். விடுபட்ட காட்சிகளை வால்ட் வாயாலேயே கதை சொல்லி நிரப்பினார். முடிந்த பிறகும் படத்தைப் பற்றி அதிகாரி மூச்சு விடவில்லை. காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், இது பணத்தை அள்ளப்போகிறது என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். வால்ட் பின்னாளில் ரசித்து ரசித்துச் சொன்ன கதை இது. கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம்.

வங்கிக்காரரின் கணக்கு தப்பவில்லை. 'டிஸ்னியின் பைத்தியக்காரத்தனம்' என்று ஹாலிவுட் கேலி செய்த அந்தப் படத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ 15 லட்சம் டாலர். முதல் ஓட்டத்திலேயே 80 லட்சம் டாலர் அளவுக்கு வந்தது. குழந்தைகளுக்கு டிக்கெட் மலிவு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எத்தனை தலைகள் உள்ளே போயிருக்க வேண்டும்! அந்தப் பணத்தில்தான் பர்பாங்கில் புது ஸ்டுடியோ எழுந்தது.

அதற்குப் பிறகு அடிமேல் அடி. 1940-ல் வந்த 'பினோக்கியோ', 'ஃபேன்டேசியா' இரண்டுக்கும் ஐரோப்பியச் சந்தை போரால் மூடிக்கிடந்தது. 1942-ல் 'பாம்பி'யும் போட்ட பணத்தை எடுக்கவில்லை. ஸ்டுடியோவை ஓட்ட வழி தேடியவர்கள் 1944-ல் பழைய 'ஸ்நோ ஒயிட்'டையே தூசு தட்டித் திரும்பவும் தியேட்டருக்கு அனுப்பினார்கள். கூட்டம் வந்தது. ஒரு பெரிய உண்மை அப்போது பிடிபட்டது: நடிகர் நடிகைக்கு வயதாகும், உடையும் சிகையும் பழசாகும்; வரைந்த இளவரசிக்கு வயதே ஆகாது. ஏழு வருடம் பொறுத்தால் படத்தைப் பார்த்திராத ஒரு புதுப் பிள்ளைக் கூட்டம் தயாராக நிற்கும். அன்றிலிருந்து ஏறக்குறைய ஏழாண்டுக்கு ஒருமுறை படத்தை வெளியே எடுப்பது, ஓட்டுவது, மறுபடி பூட்டிவைப்பது என்பது டிஸ்னியின் தொழில்முறை ஆனது. 1940-ல் கையைச் சுட்ட 'ஃபேன்டேசியா', 1969-ல் மறுவெளியீடான போதுதான் லாபக் கணக்கில் ஏறியது. அதன் மிதக்கும் நிறங்களைப் பார்க்க வந்தவர்களில் குழந்தைகளைவிட நீளமுடி இளைஞர்கள் அதிகம்.

இந்தப் பூட்டுக்குக் கள்ளச்சாவியாக வந்தது வீடியோ. வீட்டில் இருந்தபடியே டிவி நிகழ்ச்சியைப் பதிவுசெய்ய சோனி நிறுவனம் பீட்டாமேக்ஸ் கருவியைக் கொண்டுவந்ததும், 1976-ல் யுனிவர்சலும் டிஸ்னியும் சேர்ந்து சோனி மீது வழக்குப் போட்டன. எட்டு ஆண்டு இழுத்து, 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டே அதே டிஸ்னி 'பினோக்கியோ'வை வீடியோ கேசட்டில் விற்க ஆரம்பித்தது! வழக்கில் தோற்றது அந்த நிறுவனத்துக்கு அடித்த யோகம் என்றே சொல்லவேண்டும். 1994-ன் 'லயன் கிங்' தியேட்டர்களில் 76 கோடி டாலர் வசூலித்தது. மறு ஆண்டு அதன் கேசட் 3 கோடிக்கும் மேல் விற்றது. இங்கேயும் பழைய தந்திரத்தை விடவில்லை. கொஞ்ச நாள் விற்பார்கள், பிறகு பெட்டகத்தில் போட்டுவிட்டோம், இனி கிடைக்காது என்பார்கள். பெற்றோர் அடித்துப் பிடித்து வாங்குவார்கள்.

காசு ருசி கண்டவர்கள் அடுத்த படியில் கால் வைத்தார்கள். தியேட்டரே வேண்டாம், குறைந்த செலவில் இரண்டாம் பாகம் எடுத்து நேராகக் கேசட்டாகவே விற்கலாம் என்று 1994-ல் 'அலாதீன்' படத்தின் தொடர்ச்சியாக 'ரிட்டர்ன் ஆஃப் ஜாஃபர்' வந்தது. பூதத்துக்கு ராபின் வில்லியம்ஸின் குரல் இல்லை, ஓவியத்தில் பழைய நேர்த்தி இல்லை. ஆனாலும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. அந்த வரிசையில் பின்னர் வரவிருந்ததுதான் 'டாய் ஸ்டோரி 2'.

ஆம், அந்தப் படம் கேசட்டுக்காகத் தொடங்கப்பட்டது. அதை டிஸ்னிக்காக எடுத்த பிக்சார் ஸ்டுடியோவில் முதல்தர ஆட்கள் வேறு படத்தில் இருக்க, இரண்டாம் வரிசைக் குழு இதை எடுத்துக்கொண்டிருந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டு தரத்தில் வேலை நடப்பது ஸ்டுடியோவின் உயிரையே குடித்துவிடும் என்று அதன் தலைவர்களுக்குப் பட்டது. 1998-ல் படம் தியேட்டருக்கு மாறியது. கதை தேறவில்லை என்று தெரிந்ததும், வெளியீட்டுக்கு ஒன்பதே மாதம் இருக்கையில் ஏறக்குறைய முழுவதையும் மாற்றி எடுத்தார்கள். ராப்பகலாக மவுஸைப் பிடித்துப் பிடித்துப் பலருக்குக் கை மணிக்கட்டு போனது. ஓர் ஓவியர் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வருவதாகப் புறப்பட்டவர், தூக்கக் கலக்கத்தில் அதைக் காரிலேயே விட்டுவிட்டு வேலைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். அங்கேயே வேலை பார்த்த மனைவி சில மணி நேரம் கழித்துக் கேட்டபோதுதான் நினைவு வந்தது. கொதிக்கும் வெயிலில் மயங்கிக் கிடந்த குழந்தையை ஓடிப்போய்த் தூக்கித் தண்ணீர் ஊற்றினார்கள், பிழைத்துக்கொண்டது. பிக்சாரின் எட் கேட்மல் தன் நூலில் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1999 நவம்பரில் வெளியான படம் உலக அளவில் கிட்டத்தட்ட 50 கோடி டாலர் வசூலித்தது.

டிவிடி காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. 2005-ல் 'ஷ்ரெக் 2' டிவிடிகள் கடைகளிலிருந்து எதிர்பாராத அளவில் திரும்பிவந்து, ட்ரீம்வொர்க்ஸ் அனிமேஷனின் பங்கு விலையை இறக்கின. பிறகு நெட்ஃப்ளிக்ஸ். அதற்குப் போட்டியாக 2019 நவம்பர் 12-ல் மாதம் 6.99 டாலருக்கு டிஸ்னி பிளஸ் வந்தது. முதல் நாளே ஒரு கோடிப் பேர் சேர்ந்தார்கள். பெட்டகம் மொத்தமாகத் திறந்துகொண்டது.

கணக்கு மாறியது இங்கேதான். கேசட்டோ டிவிடியோ வாங்கிய வீடு, அந்த ஒரு படத்துக்கென்று தனியாகப் பணம் கொடுத்தது. ஓடிடியில் குழந்தை ஒரே படத்தை நாற்பது தடவை பார்த்தாலும் மாதச் சந்தா அதேதான். பார்வை கூடும், படத்துக்கென்று வருகிற காசு கூடாது. போதாக்குறைக்கு, நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் எல்லாம் சேர்த்துப் பார்க்கும் அம்மா அப்பாவுக்கு 'வீட்டுக்கே வந்துவிடுமே' என்ற எண்ணம் எளிதாகப் பழகிவிடும்.

பழக்கிவிட்டது கொரோனா. 2020 மார்ச்சில் பிக்சாரின் 'ஆன்வர்ட்' தியேட்டருக்கு வந்த இரண்டாவது வாரத்திலேயே கதவுகள் மூடின. ஏப்ரலில் யுனிவர்சல் தன் 'ட்ரோல்ஸ் வேர்ல்ட் டூர்' படத்தை 19.99 டாலர் வாடகைக்கு நேராக வீட்டுக்கு அனுப்பி, மூன்றே வாரத்தில் 10 கோடி டாலரை நெருங்கியது. கொதித்துப்போன ஏஎம்சி தியேட்டர் நிறுவனம், இனி யுனிவர்சல் படங்களைத் திரையிடவே மாட்டோம் என்றது. ஜூலையில், தியேட்டரில் 17 நாள் ஓடிய பிறகே வீட்டு வாடகைக்கு விடலாம் என்று இருவரும் சமாதானம் ஆனார்கள்.

டிஸ்னியோ 'சோல்', 'லூகா', 'டர்னிங் ரெட்' என்று மூன்று பிக்சார் படங்களை அமெரிக்காவில் தியேட்டர்களில் பரவலாக வெளியிடாமல் சந்தாதாரர்களுக்குக் கூடுதல் கட்டணமின்றிக் கொடுத்தது. பலன் 2022-ல் தெரிந்தது. 20 கோடி டாலர் செலவான 'லைட்இயர்' உலகம் முழுக்க 22 கோடியோடு நின்றது. தியேட்டர்காரரின் பங்கும் விளம்பரச் செலவும் போனால் அது நஷ்டம். 'ஸ்ட்ரேஞ்ச் வேர்ல்ட்' 18 கோடி விழுங்கி 7 கோடிச் சொச்சம் கொடுத்தது. இத்தனைக்கும் ஓடிடி பக்கம் லாபமாவது உண்டா என்றால், அந்த ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான ஒரே காலாண்டில் நஷ்டம் 147 கோடி டாலர். நவம்பரில் தலைமை நிர்வாகி பாப் சாபெக்கை அனுப்பிவிட்டு, ஓய்வுபெற்ற பாப் ஐகரைத் திரும்ப அழைத்தார்கள். எங்கள் படம் வீட்டுக்கே வரும் என்று நாங்கள்தான் ரசிகர்களைப் பழக்கிவிட்டோம் என்று பிக்சாரின் பீட் டாக்டரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

2023-ல் 'எலிமென்டல்' அமெரிக்காவில் முதல் வார இறுதியில் மூன்று கோடி டாலரைக்கூடத் தொடவில்லை. செத்த படம் என்று எழுதினார்கள். ஆனால் இந்த முறை அவசரப்பட்டு ஓடிடிக்குத் தள்ளாமல் கிட்டத்தட்ட மூன்று மாதம் காத்திருந்தார்கள். பார்த்தவர்கள் சொல்ல, வாய்வழியாகப் பரவி, இயக்குநர் பீட்டர் சோனின் பெற்றோர் பிறந்த தென்கொரியாவில் கொண்டாடப்பட்டு, 50 கோடி டாலரை ஒட்டி முடிந்தது. தியேட்டர் செத்துவிட்டது என்ற புலம்பலுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டியதில்லை.

அதற்குள் 'டாய் ஸ்டோரி 2' கதை இன்னொரு தடவை அரங்கேறியது. 2016-ன் 'மோவானா', 2023-ல் அமெரிக்க ஓடிடிகளில் அதிகம் பார்க்கப்பட்ட படம்: 1,100 கோடி நிமிடங்களுக்கும் மேல். அதன் தொடர்ச்சியை டிஸ்னி பிளஸ் தொடராகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2024 பிப்ரவரியில் ஐகர் அதைத் தியேட்டர் படமாக்குவதாக அறிவித்தார். நவம்பரில் வந்த 'மோவானா 2' 100 கோடி டாலரைத் தாண்டியது. கேசட்டுக்கென எடுத்த படத்தைத் தியேட்டருக்கு மாற்றிக் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. பாடத்தைப் புதிதாகப் படிக்கவேண்டியிருந்தது. ஒரு நியாயமும் உண்டு: ஓடிடியில் வருடக்கணக்கில் பிள்ளைகள் மனப்பாடம் செய்திருக்காவிட்டால் அந்தக் கூட்டம் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

2025-ல் கதை தலைகீழானது. சோனி எடுத்து நெட்ஃப்ளிக்ஸுக்குக் கொடுத்த 'கேபாப் டீமன் ஹண்டர்ஸ்' ஜூனில் ஓடிடியில் வந்து, நெட்ஃப்ளிக்ஸிலேயே அதிகம் பார்க்கப்பட்ட படமானது. ஆகஸ்டில் இரண்டே நாள், ரசிகர்கள் கூடவே பாடும் காட்சிகளாகத் தியேட்டருக்கு வந்தது. வீட்டில் ஏற்கெனவே இலவசம்போலக் கிடைக்கிற படத்துக்குப் பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு வந்தார்கள். நெட்ஃப்ளிக்ஸ் வசூலைச் சொல்வதில்லை. மற்ற ஸ்டுடியோக்களின் கணிப்புப்படி அந்த வார இறுதியில் அமெரிக்காவில் முதலிடம் அதற்குத்தான். எடுத்த சோனிக்கோ, 2021-ல் போட்ட ஒப்பந்தப்படி செலவுக்கு மேல் சுமார் 2 கோடி டாலர்தான் என்று செய்திகள் வந்தன. ஆகஸ்டில் ஒதுங்கி நின்ற ஏஎம்சி, அக்டோபர் கடைசியில் ஹாலோவீனுக்கு அதே படம் மறுபடி வந்தபோது தன் திரைகளைத் திறந்துவிட்டது.