மேளச் சத்தமும் இதயத் துடிப்பும்

போன மாசம் அப்பாவுக்கு ஈசிஜி எடுத்தாங்க. நாப்பது வருஷம் குழித்தறியில உக்காந்து கூன் விழுந்த உடம்பு. நடுநடுவே கூடுதலா ஒரு துடிப்பு வருதாம். "எங்கேயிருந்து கிளம்புது?"ன்னு கேட்டேன். "இதுல உத்தேசமாத்தான் தெரியும்"னார் டாக்டர். அட, ஏன் உத்தேசம்? தோண்ட ஆரம்பிச்சேன்.

1887-ல் லண்டனில் வாலர் மனித இதயத்தின் மின்சாரத்தை உடம்புக்கு வெளியிலிருந்தே பதிவு செய்தார். பிறகு வந்த ஐந்தோவன் உடம்பை ஒரு சமபக்க முக்கோணமா வச்சுக் கணக்குப் போட்டார். (நாம பரீட்சையில 'உராய்வு இல்லை எனக் கொள்க'ன்னு எழுதுவோமே, அது மாதிரி!) 1924-ல் நோபலும் வாங்கினார். 1946-47-ல் ஹாலந்தில் பர்கரும் வான் மிலானும் மனித உருவத்தில் ஒரு தொட்டி செஞ்சாங்க. உள்ளே காப்பர் சல்பேட் கரைசல், முதுகெலும்புக்கும் நுரையீரலுக்கும் பதிலா கார்க்கும் மணல்மூட்டையும். முக்கோணம் சமபக்கமே இல்லைன்னு தெரிஞ்சுது. அந்த மணல்மூட்டை எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு :-)

ஆனா அது ஏதோ ஒரு உடம்பு. எங்கப்பா உடம்பு இல்லையே?

கருட சேவை அன்னிக்கு வீட்டுக்குள்ள இருந்தே, மேளச் சத்தத்தை வச்சு வரதர் எந்தத் தெருவுல வர்றார்னு பாட்டி சொல்லிடுவாங்க. வெளியூர்க்காரருக்கும் அதே சத்தம்தான் கேக்குது, ஆனா தெரு தெரியாது. இதயத்துக்கும் அந்தத் தெரு வரைபடம் வேணும். 1971-ல் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட ஹவுன்ஸ்ஃபீல்டின் சிடி ஸ்கேன்தான் அதுக்கு வழி விட்டது.

கிளீவ்லாந்தில் யோரம் ரூடி குழு இதுல பல வருஷம் உழைச்சது. 224 எலெக்ட்ரோடு வச்ச மேலாடையைப் போட்டுக்கிட்டே சிடி எடுக்கணும். ஒவ்வொரு எலெக்ட்ரோடும் எங்கே, இதயத்தின் மேற்பரப்பு எங்கே, ரெண்டும் ஒரே படத்துல கிடைச்சுடும். அப்புறம் தோலில் பதிவான மின்னழுத்தத்திலிருந்து இதயத்தின் மேல் இருந்ததைப் பின்னோக்கிக் கணக்கிடணும். இங்கதான் வில்லங்கம். தோலில் துளி பிழைன்னாலும் விடை எங்கேயோ போய் நிக்கும். டிகோனோவ் என்ற ரஷ்யக் கணிதரின் முறைதான் அதைக் கட்டிப்போடுது. 2004-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் கட்டுரை வந்தது. முதல் பெயர் சாருலதா ராமநாதன்! அவர் 2006-ல் கூட்டாத் தொடங்கிய கார்டியோஇன்சைட்டை 2015-ல் மெட்ரானிக் வாங்கியது. அந்த மேலாடையில் எலெக்ட்ரோடு 252.

அப்பாவுக்கு அந்த மேலாடை கிடைக்கலை. தொடை வழியா குழாய் விட்டு, உள்ளே போய்த்தான் இடத்தைத் தேடப் போறாங்க. அடுத்த வாரம் சென்னை.