கார் ரேடியோ கேட்கும் நாலு இலக்கக் கேள்வி

காரில் பேட்டரி செத்துப் போகிறது. ஒர்க்‌ஷாப்பில் புது பேட்டரி மாட்டுகிறார்கள். சாவியைத் திருப்பினால் இன்ஜின் ஜோராகக் கிளம்புகிறது, விளக்கு எரிகிறது, ஹார்ன் அடிக்கிறது. ரேடியோ மட்டும் பாட மாட்டேன் என்கிறது. ஃபோக்ஸ்வாகன் என்றால் அதன் குட்டித் திரையில் 'சேஃப்' என்று எழுதியிருக்கும். ஹோண்டா என்றால் 'கோட்'. எந்தப் பட்டனை அமுக்கினாலும் அதே பதில்தான்.

1990களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிய ஏராளமானவர்களுக்கு இந்த அனுபவம் உண்டு. முழுக் காசு கொடுத்து வாங்கிய வண்டி. அதில் இருக்கும் ரேடியோ சொந்தக்காரரைப் பார்த்து "நீ யாரப்பா, திருடனா?" என்று கேட்கிறது! அந்தக் கேள்விக்குப் பின்னால் கொஞ்சம் வரலாறும் நிறையக் கணக்கும் இருக்கிறது.

முதலில் கார் ரேடியோவைத் திருடுவது என்பதே நடைமுறையில் சாத்தியமில்லாத காரியமாக இருந்தது. 1930ல் சிகாகோவில் பால் கால்வின் என்பவரின் கம்பெனி மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோ விற்க ஆரம்பித்தது. (அந்தப் பெயர் நன்றாக ஓடியதால் 1947ல் கம்பெனிக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.) ஐரோப்பாவில் 1932ல் ப்ளாபுங்க்ட் பெயரில் 'ஆட்டோசூப்பர் ஏஎஸ் 5' வந்தது. எடை சுமார் 15 கிலோ. விலை 465 ரைஷ்மார்க், அதாவது ஒரு சின்னக் கார் விலையில் மூன்றில் ஒரு பங்கு. வால்வுகளும் ஒயர்களுமாக வண்டிக்குள் போல்ட் போட்டு இறுக்கிய பெட்டி அது. அதைக் கழற்றித் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமென்றால் திருடன் பயில்வானாக இருந்திருக்க வேண்டும் :)

பிறகு 1955ல் அமெரிக்காவில் கிரைஸ்லரும் ஃபில்கோவும் சேர்ந்து முழு டிரான்சிஸ்டர் கார் ரேடியோவைக் கொண்டுவந்தார்கள். வால்வு போனதும் பெட்டி சுருங்கியது. 1960களின் இறுதியில் கேசட் சேர்ந்தது, 1980களின் நடுவில் சி.டி. சேர்ந்தது. ஒவ்வொன்றும் சேரச் சேர, பெட்டி கைக்கு அடக்கமானதாகவும் விலை உயர்ந்ததாகவும் ஆகிக்கொண்டே வந்தது. திருடனின் கண்ணில் பார்த்தால் இதைவிட நல்ல சரக்கு வேறு உண்டா?

இதற்கு மேல் ஒன்று நடந்தது. அதுதான் இந்தக் கதையில் மிகவும் சுவாரஸ்யமான இடம். கார் ரேடியோவுக்கு ஒரு பொது அளவு வேண்டும் என்று ஜெர்மன் தரநிர்ணய அமைப்பான டின் ஒரு தரத்தை வெளியிட்டது. 1984ல் வந்த அந்தத் தரத்தின் எண் 75490. அகலம் 180 மில்லிமீட்டர், உயரம் 50 மில்லிமீட்டர். அதுவே பின்னால் ஐ.எஸ்.ஓ. 7736 என்று உலகத் தரம் ஆனது. நல்ல காரியம்தான். எந்தக் கம்பெனி ரேடியோவையும் எந்தக் காரிலும் மாட்டலாம். கழற்றுவதும் சுலபம். முகப்பின் இரண்டு ஓரங்களிலும் சிறு துளைகள் இருக்கும். 'U' வடிவக் கம்பிச் சாவி இரண்டைச் சொருகி இழுத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கிளிப் விட்டுக்கொடுக்கும், ரேடியோ வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அந்தக் கம்பிச் சாவி கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

இதை வியாபாரக் கண்ணோடு பாருங்கள். தரப்படுத்தினால் சந்தை விரிவாகும் என்பது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அதே விதி திருட்டுச் சந்தைக்கும் பொருந்தும் என்று எந்தப் பாடப் புத்தகமும் சொல்வதில்லை. முன்பு குறிப்பிட்ட ஒரு காரில் இருந்து திருடிய ரேடியோ, அதே மாதிரி காருக்கு மட்டுமே பொருந்தும். இப்போது எல்லாக் காருமே வாடிக்கையாளர்!

1980களில் நிலைமை எவ்வளவு முற்றியது என்றால், நியூயார்க்கில் தெருவில் கார் நிறுத்துபவர்கள் "ரேடியோ இல்லை" என்று எழுதி ஜன்னலில் வைக்க ஆரம்பித்தார்கள். தயவுசெய்து கண்ணாடியை உடைக்காதே, உள்ளே ஒன்றும் இல்லை என்று திருடனுக்கு நேரடியாக ஒரு விண்ணப்பம். அச்சடித்த அட்டைகளே விற்பனைக்கு வந்தன. இன்னொரு பக்கம், ரேடியோவையே உருவி எடுத்துக் கையில் கொண்டுபோகும்படி கைப்பிடியோடு செய்தார்கள். இஸ்ரேலில் இருந்து வந்த 'பென்ஸி பாக்ஸ்' இந்த வகை. இத்தாலியில் இது கிட்டத்தட்ட ஒரு கலாச்சாரமே ஆகிவிட்டது. ஹோட்டலில் சாப்பாட்டு மேஜை மேல் தட்டுக்குப் பக்கத்தில் கார் ரேடியோ உட்கார்ந்திருக்கும். அடுத்து, முகப்பை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளும் மாடல்கள் வந்தன. இவை எல்லாவற்றிலும் ஒரே சிக்கல். மனிதன் சோம்பேறி. ரெண்டே நிமிஷ வேலைதானே என்று ஒருநாள் விட்டுவிட்டுப் போவான், அன்றைக்குப் பார்த்துத்தான் கண்ணாடி உடையும்.

சொந்தக்காரர் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லாத ஒரு பாதுகாப்பு வேண்டும். அப்படி 1980களின் பிற்பகுதியில் பரவியதுதான் ரகசியக் குறியீடு.

ரேடியோவுக்கு இரண்டு வழியாக மின்சாரம் வருகிறது. ஒன்று, சாவி திருப்பினால் மட்டும் வருவது. இன்னொன்று, பேட்டரியில் இருந்து எப்போதும் வந்துகொண்டிருக்கும் 12 வோல்ட். இந்த இரண்டாவது இணைப்பு இருப்பதால்தான் நீங்கள் பதிந்து வைத்த ஸ்டேஷன்கள் மறுநாளும் மறக்காமல் இருக்கின்றன. குறியீடு உள்ள ரேடியோ இந்த இணைப்பையே நாடி பிடித்துப் பார்க்கும். அது அறுந்து மறுபடி வந்தால், தன்னை யாரோ பிடுங்கியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு பூட்டிக்கொள்ளும். பிடுங்கியவன் திருடனா, பேட்டரி மாற்றிய மெக்கானிக்கா என்று அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. சரியான எண் மட்டும் ஒரு சின்ன மெமரி சிப்பில் மின்சாரமே இல்லாமலும் அழியாமல் இருக்கும். நீங்கள் போடும் எண்ணை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும், அவ்வளவுதான்.

கவனித்துப் பாருங்கள், இந்தப் பூட்டு ரேடியோவைக் காரோடு கட்டிப்போடவில்லை. திருடன் தாராளமாக எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் விற்க முடியாது. பொருளைப் பாதுகாப்பதற்குப் பதில், திருடன் கையில் அதன் சந்தை விலையைப் பூஜ்ஜியமாக்குவது. உண்மையிலேயே அழகான யோசனை.

ஆனால் ஓட்டை எங்கே என்றால், இது திருடனுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். கண்ணாடியை உடைத்து, ரேடியோவை எடுத்து, வீட்டுக்குப் போய்ப் பார்த்த பிறகு தெரிந்து என்ன பயன்? அவனுக்கு ரேடியோ வீண், சொந்தக்காரருக்குக் கண்ணாடியும் போய் ரேடியோவும் போச்சு. அதனால்தான் "குறியீடு உள்ள ரேடியோ" என்று ஜன்னல் ஸ்டிக்கர் கொடுத்தார்கள். சில மாடல்களில் வண்டி நிற்கும்போது சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டே இருக்கும். யோசித்தால், பாதிப் பாதுகாப்பு அந்த ஸ்டிக்கரில்தான் இருந்தது.

எண்ணை உள்ளே போடும் விதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஃபோக்ஸ்வாகனின் காமா ரேடியோவில் 'சேஃப்' வந்ததும் குறிப்பிட்ட இரண்டு பட்டன்களைச் சேர்த்து அமுக்கிப் பிடிக்க வேண்டும். திரையில் 1000 என்று வரும். ஸ்டேஷன் பட்டன் 1ஐத் தட்டத் தட்ட முதல் இலக்கம் மாறும், 2ஐத் தட்டினால் இரண்டாவது, இப்படி நாலு. எண் சரியானதும் மறுபடி அந்த இரண்டு பட்டன்களையும் அமுக்கிப் பிடிக்க வேண்டும். இதில் பலர் மாட்டிக்கொண்ட ஒரு பொறி உண்டு. 1000 வந்ததும் கையை எடுக்காமல் தொடர்ந்து அமுக்கிக்கொண்டிருந்தால், 1000 என்பதையே உங்கள் பதிலாக எடுத்துக்கொண்டு ஒரு தவறைக் கணக்கில் எழுதிவிடும்! இரண்டு தவறு ஆகிவிட்டால் சுமார் ஒரு மணி நேரம் ரேடியோவை ஆன் செய்தபடியே காத்திருக்க வேண்டும்.

ரெனோவில் தண்டனை வட்டி மாதிரி ஏறும். முதல் தவறுக்கு 1 நிமிடம், அடுத்ததற்கு 2, பிறகு 4, இப்படி இரட்டித்து 32 நிமிடம் வரை. ஃபோர்டின் 6000 சி.டி. போன்றவற்றில் பத்துத் தவறு ஆனால் நிரந்தரப் பூட்டு. ஹோண்டாவில் ஐந்து இலக்கம், ஆனால் ஸ்டேஷன் பட்டன்கள் ஆறுதான் என்பதால் 1 முதல் 6 வரையிலான எண்கள் மட்டுமே வரும்.

ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. நாலு இலக்கம் என்றால் 10,000 எண்கள். மணிக்கு இரண்டு முயற்சி என்றால் 5,000 மணி நேரம், அதாவது இராப்பகலாக 208 நாள். ரெனோவில் தடவைக்கு 32 நிமிடம் என்றால் 222 நாள். ஹோண்டாவில் சாத்தியங்கள் 7,776தான், ஆனால் பத்துத் தவறில் அது கதவைச் சாத்திவிடும். அதிர்ஷ்டம் இருந்தால் பாதியிலேயே கிடைக்கலாம். அதற்குள் எத்தனை பேட்டரி செத்து, எத்தனை தடவை மறுபடி மாட்ட வேண்டியிருக்குமோ!

சரி, எண் தொலைந்தால் நேர்மையான வழி என்ன? எண் எழுதிய ஒரு சிறு அட்டை காரோடு கொடுக்கப்பட்டிருக்கும். அதை வண்டியில் வைக்காதீர்கள், வீட்டில் பத்திரமாக வையுங்கள் என்று கையேடு சொல்லும். சொன்னபடி பத்திரமாக வைத்தவர் காரை விற்கும்போது அட்டையைக் கொடுக்க மறந்தார். இரண்டாவது சொந்தக்காரர் மூன்றாமவருக்கு விற்கும்போது அப்படி ஒரு அட்டை இருந்ததே யாருக்கும் தெரியாது. பேட்டரி சாகும் வரை எல்லாம் சுகம். செத்ததும் ரேடியோவைக் கழற்றி, மேல்தகட்டில் இருக்கும் சீரியல் நம்பரைக் குறித்துக்கொண்டு, ஆர்.சி. புத்தகம் மாதிரியான ஆதாரத்தோடு டீலரிடம் போக வேண்டும். பல இடங்களில் இதற்குக் கட்டணமும் உண்டு. திருடன் போவதற்கு வழியில்லாத இடம் அது. ஆனால் அந்த அலைச்சல் முழுவதும் யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். திருடனுக்கு ஒரு ரேடியோ நஷ்டம். நேர்மையானவருக்கு ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரு தலைவலி.

இதைவிட வேடிக்கை ரெனோவில் நடந்தது. ரேடியோவின் மேல் ஒட்டிய லேபிளில் ஒரு ஆங்கில எழுத்தும் மூன்று எண்களும் கொண்ட முன்குறியீடு இருக்கும். டீலர் அதைப் பார்த்துத்தான் உண்மையான எண்ணைச் சொல்வார். பிறகு தெரிந்தது என்னவென்றால், இரண்டுக்கும் நடுவே இருந்தது கூட்டல், பெருக்கல், மீதி காண்பது என்று சில வரியில் முடியும் ஒரு சூத்திரம். அது வெளியே கசிந்து இணையம் முழுக்கப் பரவிவிட்டது. அதாவது பூட்டின் மேலேயே சாவியைப் புதிர் வடிவில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்! ஃபோர்டில் சில மாடல்களில் 1, 6 பட்டன்களைச் சேர்த்து அமுக்கினால் திரையிலேயே சீரியல் நம்பர் வரும். அதிலிருந்து எண்ணைச் சொல்லித்தரும் ஆட்களும் புரோகிராம்களும் வந்துவிட்டார்கள். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்கள் ரேடியோவைத் திறந்து, எட்டுக் கால் மெமரி சிப்பைக் கம்ப்யூட்டரோடு இணைத்துப் படித்தார்கள். சில மாடல்களில் ரகசிய எண் எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே உள்ளே கிடந்தது. அமெரிக்காவில் ஹோண்டா ஒரு கட்டத்தில் தன் இணையதளத்திலேயே வண்டி எண்ணும் ரேடியோ சீரியலும் வாங்கிக்கொண்டு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. அதுதான் சரியான முடிவு, கொஞ்சம் தாமதம் என்றாலும்.

(ரேடியோவை ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்தால் எண் அழிந்துவிடும் என்று ஒரு வைத்தியம் பல வருடம் சுற்றியது. மின்சாரமே இல்லாமல் ஞாபகம் வைத்திருக்கவென்றே செய்த சிப் அது, குளிருக்கா மறக்கும்? யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.)

இதில் சீரியஸான விஷயம் ஒன்று இருக்கிறது. எண் கம்பெனியின் பதிவேட்டில் இருக்கிறது, கம்பெனி என்றென்றும் இருக்கும் என்ற நம்பிக்கையில் கட்டிய ஏற்பாடு இது. 2005 ஏப்ரலில் எம்ஜி ரோவர் நொடித்துப் போனது. கம்பெனி போனது, கார்கள் ரோட்டில் ஓடிக்கொண்டேதான் இருந்தன, அவற்றின் பேட்டரிகளும் செத்துக்கொண்டேதான் இருந்தன. ப்ளாபுங்க்ட் கார் ரேடியோ தொழிலை பாஷ் விற்கப் போவதாக 2008ல் அறிவித்தது. வாங்கிய பிறகும் கரையேறவில்லை, 2015ல் திவால் நடவடிக்கைக்குப் போனது. இன்று உரிமம் வாங்கிய பலர் அந்தப் பெயரில் பொருள் விற்கிறார்கள். 1990ல் விற்ற கேசட் ரேடியோவின் எண்ணை அவர்களிடம் கேட்டு என்ன பிரயோஜனம்? இந்த மாதிரி நேரத்தில் சொந்தக்காரரைக் காப்பாற்றியது, பூட்டை உடைத்து வைத்திருந்த அதே ஆட்கள்தான்.

பிற்காலத்தில் இந்தத் தொல்லையைக் கம்பெனிகளே குறைத்தன. காரின் பாகங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஆரம்பித்த பிறகு, ரேடியோ மனிதனைக் கேட்பதை விட்டுவிட்டு வண்டியைக் கேட்டது. ஃபோக்ஸ்வாகன் இதற்கு 'கம்ஃபோர்ட் கோடிங்' என்று பெயர் வைத்தது. பழகிய அதே கார்தான் என்றால் பேட்டரி மாற்றினாலும் எண் கேட்காது, வேறு காரில் மாட்டினால்தான் பூட்டிக்கொள்ளும். பிறகு ரேடியோவே தனிப் பெட்டியாக இல்லாமல் டாஷ்போர்டோடு ஐக்கியமானது, பாட்டு செல்போனுக்குப் போனது. திருடனும் கூடவே செல்போனுக்குப் போனான்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் மட்டும் இன்றும் அந்த நாலு இலக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அனுபவசாலிகள் முதலில் சொல்வது: க்ளவ் பாக்ஸின் உட்புறம், ஆஷ்ட்ரேயின் பின்பக்கம், கையேட்டின் கடைசிப் பக்கம் எல்லாம் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் அந்தக் கம்பிச் சாவியைப் போட்டு ரேடியோவை வெளியே இழுத்துப் பாருங்கள். எப்போதோ ஒரு மெக்கானிக், அடுத்த தடவை அலைய வேண்டாமே என்று, ரேடியோவின் மேல்தகட்டிலேயே ஸ்டிக்கர் ஒட்டி எண்ணை எழுதி வைத்திருப்பார்.