கச்சேரி ஒலிபெருக்கி அமைப்பு

சிறு கூடங்களில் பாட்டையும் பக்கவாத்தியங்களையும் அவையெங்கும் சீராகக் கேட்கச் செய்யும் ஸ்பீக்கர் ஏற்பாடு. ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே பொருந்திய 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டு பெரும்பாலும் போதும். மிருதங்கத்தின் தொப்பி எனும் இடப்பக்கத்தின் தாழ்ந்த நாதம் நிறைவாக ஒலிக்கப் பெரியதே உகந்தது. திறந்தவெளியில் தூரம் இருமடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபெல் குறைவதால் கூடுதல் திறன் தேவைப்படும்.

ஸ்பீக்கர்களை மைக்குகளுக்கு முன்னால், மேடையின் இருபுறமும், அமர்ந்திருப்போர் தலைக்கு மேலாகத் தாங்கியில் நிறுத்துவர். பின்னால் வைத்தால் அவற்றின் ஒலி மைக்கில் திரும்பப் புகுந்து, சுற்றிச்சுற்றிப் பெருகி, ஊளையிடும். பாடகர் தம் குரலையும் சுருதியையும் கேட்பதற்கான மானிட்டர், கார்டியாய்டு மைக்கின் முதுகைப் பார்த்திருக்க வேண்டும். அத்திசை ஒலியை அந்த மைக் மிகக் குறைவாகவே வாங்கும்.