கிணற்றுப் பங்கும் நிலத்தடி எண்ணெயும்: வலிகாமத்தில் நீர்ப் பரிசோதனை எதைத் தேட வேண்டும்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில், நிலத்தின் பரப்பும் நாற்புற எல்லைகளும் எழுதப்பட்ட பின்னர், கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் சேர்த்து எழுதப்படுவது நெடுங்கால வழக்கம். கிணற்றின் வாயும் கட்டும் துலாவும் பங்காளருக்கு உரியன என்பதை உறுதி அறியும். ஆனால் அக்கிணற்றில் ஊறும் நீர் எவருடைய நிலத்தின் கீழாக வந்தது என்பதை எந்த உறுதியும் எழுதியதில்லை. 'தனியார் கிணறு' என்று இன்று நிர்வாக மொழியில் வழங்கும் தொடர் இந்த இடைவெளியை மறைத்துவிடுகிறது. கிணறு தனியாருடையது என்பதால் அதன் நீரைச் சோதிப்பதும் தனியாரின் பொறுப்பே என்ற எண்ணம் அத்தொடரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. வலிகாமத்தின் அண்மைக்கால அனுபவம் இவ்வெண்ணத்தை ஆதரிக்கவில்லை. அருகிலுள்ள நிலத்தில் என்ன சேமிக்கப்பட்டது, என்ன ஊற்றப்பட்டது, என்ன புதைக்கப்பட்டது என்பதைக் கிணற்றுக்காரர் அறிய வழியில்லாதபோது, அவர் செலவழித்துச் செய்விக்கும் சோதனை எதைத் தேட வேண்டும் என்பதே தெரியாத சோதனையாகிவிடுகிறது என்பதும், படைத்தளங்களை அண்டிய பகுதிகளில் இக்குறை மிகக் கூர்மையடைகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல் ஆகும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இங்கில்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. வடகீழ்ப் பருவமழை செம்பாட்டு மண்ணூடாக இறங்கி, சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் கரைசற் குழிகளிலும் தங்கி, கடல்நீரின் மேல் வில்லை வடிவில் மிதக்கும் நன்னீர்ப் படையாக நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் ஆழம் வரை அது பரந்திருக்கும் என்பது நீரியலார் கொள்ளும் கணக்கு. நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதும், கீரிமலையில் உள்நாட்டு நீர் கடலோரத்தில் ஊற்றாக வெளிப்படுவதும் இவ்வமைப்பைக் கண்முன் காட்டும் சான்றுகள். மணற்படையில் நீர் மெல்லக் கசிந்து செல்லும், மண்ணும் அதனை ஓரளவு வடிகட்டும். சுண்ணக்கல்லின் கரைசல் வழிகளில் நீர் குழாயில் ஓடுவதுபோல் ஓடக்கூடும், வடிகட்டலும் சொற்பமே. எனவே மாசு, கிட்ட உள்ள கிணற்றைத் தவிர்த்துத் தூரக் கிணற்றில் தோன்றுவதும், ஒரே வளவின் இரு கிணறுகள் இருவேறு முடிவுகளைத் தருவதும் இங்கு வியப்புக்குரியன அல்ல. ஒரு கிணற்றின் நல்ல முடிவைக் கொண்டு அயற்கிணற்றுக்கு உறுதி கூற முடியாது.

இத்தகைய நிலத்தில் தனியார் கிணறுகளைத் திரளாகச் சோதித்த முதன்மையான நிகழ்வு சுன்னாகத்தினுடையது. மின்நிலைய வளாகத்தைச் சூழ்ந்த வீடுகளின் கிணற்று நீரில் எண்ணெய் மிதப்பதாகவும் மணப்பதாகவும் மக்கள் முறையிட்டதையடுத்து, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை சோதித்த 150 கிணறுகளுள் 109 கிணறுகளில் எண்ணெயும் கொழுப்பும் நியம அளவை மீறியிருந்தமை கண்டறியப்பட்டது. ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு இது. மறுபுறம், வடக்கு மாகாண சபை அமைத்த நிபுணர் குழு, தீங்கு பயக்கும் பெற்றோலிய இரசாயனங்கள் நீரில் இல்லை என்ற முடிவை வெளியிட்டது. ஒரே ஊரின் நீரைப் பற்றி அரசு சார்ந்த இரு தரப்புகள் எதிரெதிராகப் பேசியதால், பவுசரில் வரும் நீருக்காக வாளியுடன் காத்திருந்தவர்கள் எதை நம்புவது என்று அறியாது நின்றனர். விவகாரம் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுவாகச் சென்றது (இலக்கம் 141/2015). 2019 ஏப்பிரல் 4இல் வழங்கப்பட்ட தீர்ப்பு, நிலத்தடி நீர் எண்ணெயால் மாசடைந்தமையை ஏற்று, மின்நிலையத்தை இயக்கிய தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் எனப் பணித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இலங்கை நீதிமன்றில் தெளிவாகச் செயற்பட்ட வழக்குகளுள் இதுவும் ஒன்று.

தீர்ப்பு பரவலாகப் பேசப்பட்டது. இரு சோதனைகள் ஏன் முரண்பட்டன என்ற கேள்வி அவ்வளவு பேசப்படவில்லை. 'எண்ணெயும் கொழுப்பும்' என்ற அளவீடு ஒரு மொத்தக் கணக்கு: நீரைக் கரைப்பானொன்றுடன் குலுக்கி, எண்ணெய்த்தன்மை கொண்ட அனைத்தையும் பிரித்தெடுத்து, கரைப்பானை ஆவியாக்கி, எஞ்சியதை நிறுப்பது. அது டீசலா, கழிவு ஒயிலா, சமையல் எண்ணெயா என்பதை இவ்வளவீடு சொல்லாது. இதற்கு எதிர்முனையில் உள்ளது பென்சீன், தொலுயீன், எதில்பென்சீன், சைலீன் என்னும் நான்கு சேர்வைகளைத் தனித்தனியே தேடும் சோதனை. இவை எளிதில் ஆவியாவன. பெற்றோலில் மிகுதியாகவும், மின்பிறப்பாக்கிகள் எரிக்கும் பார எண்ணெயிலும் பயன்படுத்திக் கழித்த ஒயிலிலும் மிகக் குறைவாகவும் இருப்பவை. வாய் திறந்த கிணற்றில், வெயிலில், மாதக்கணக்கில் கிடந்த நீரில் அவை காணப்படாமை எதிர்பார்க்கத்தக்கதே. ஆகவே அந்நான்கும் இல்லை என்ற முடிவு சரியானதாகவே இருந்தாலும், எண்ணெய் இல்லை என்ற முடிவுக்கு அது படியாகாது. பார எண்ணெயைத் தேடுவதாயின் பல்வளைய அரோமற்றிக் ஐதரோகாபன்களையும் தேட வேண்டும்; பென்சீனுக்கு லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம் என வழிகாட்டும் உலக சுகாதார நிறுவனம், அவற்றுள் ஒன்றான பென்சோபைரீனுக்கு 0.7 மைக்கிரோகிராம் என்றே வரம்பிடுகிறது. விடை தவறிப்போவதற்கு முன்பே கேள்வி தவறிப்போய்விட்டது என்பதே இம்முரண்பாட்டைப் பற்றிச் சொல்லத்தக்க தீர்ப்பு.

மாதிரி எடுக்கும் முறையும் இதில் பாதிப்பங்கு வகிக்கிறது. வலிகாமத்து வீட்டுக் கிணற்றில் மார்கழியில் கைக்கெட்டும் அளவில் நிற்கும் நீர் ஆடி ஆவணியில் கட்டின் அடிக்கு இறங்கிவிடும். எண்ணெய் நீரின் மேல் மிதப்பதாகையால், நீர் இறங்க இறங்க அதுவும் சுவரைத் தடவிக்கொண்டே இறங்கி, கல்லிடுக்குகளில் கறுத்த வளையங்களாக ஒட்டி நிற்கும். அடுத்த மாரியில் நீர் ஏறும்போது அதில் ஒரு பகுதி மீண்டும் கலக்கும். ஒரே கிணறு வைகாசியில் சுத்தமாகவும் கார்த்திகையில் மாசாகவும் தோன்றுவதற்கு இது போதும். அடியில் குழாய் விட்ட மின்மோட்டார், மேலே மிதப்பதைத் தொடாமல் அடிநீரையே தரும்; கயிற்றில் இறக்கிய வாளியோ மேற்படலத்தை முதலில் அள்ளும். வெற்றுச் சோடாப் போத்தலில் பிடித்து, பாதி நிரப்பி, மோட்டார் சைக்கிளில் வெயிலில் கொண்டுபோன மாதிரியில் ஆவியாகும் சேர்வைகள் ஆய்வுகூட வாசலை எட்டா. அவற்றுக்குக் கபில நிறக் கண்ணாடிக் குப்பி வேண்டும், காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்ப வேண்டும், பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுசெல்ல வேண்டும். இத்தனையும் ஒரு வீட்டுக்காரர் தம் கைப்பணத்தில் செய்யக்கூடியவை என எண்ணுவது யதார்த்தமன்று.

சுன்னாகத்தில் குறைந்தபட்சம் மூலம் தெரிந்திருந்தது. மின்நிலையத்தின் புகைபோக்கி ஊருக்கே தெரியும். அங்கிருந்து வடக்கே சில கிலோமீற்றர் தொலைவில், பலாலி விமானத்தளத்தைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கில் நிலை வேறு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமைந்த அவ்விமானத்தளம், 1990இல் மக்கள் இடம்பெயர்ந்தபின் உயர் பாதுகாப்பு வலயத்தின் நடுவானது. மயிலிட்டி, வறுத்தலைவிளான், கட்டுவன், காங்கேசன்துறை எனப் பல ஊர்களின் கிணறுகள் கால் நூற்றாண்டு காலம் எவரும் பாவிக்காமல், எவரும் பார்க்காமல் கிடந்தன. காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. ஆயினும் தளத்தைச் சூழ இன்னும் விடுவிக்கப்படாத நிலம் உண்டு. பலாலியைச் சூழ்ந்த கிணறுகள் மாசடைந்துள்ளன என்பது இங்கு முன்வைக்கப்படும் கூற்று அன்று. எரிபொருள் சேமிப்பும், வாகனத் திருத்தகங்களும், தீயணைப்புப் பயிற்சியும், வெடிபொருட் களஞ்சியங்களும் படைத்தளம் ஒன்றின் இயல்பான உறுப்புகள் என்பதும், அவை நிலத்தடி நீருக்கு என்ன செய்யக்கூடும் என்பது உலகில் பல இடங்களில் அறியப்பட்டது என்பதுமே கூற்று.

ஐக்கிய அமெரிக்காவின் கேப் கொட்டும் ஒரு குடாநாடே. அதன் மக்களும் தம் காலடியிலுள்ள ஒரே நீர்ப்படையை நம்பியே வாழ்பவர்கள். அங்குள்ள படைப் பயிற்சித் தளத்தில் வெடிமருந்து எச்சம் நிலத்தடி நீரில் கலந்தமையால், 1997இல் அந்நாட்டுச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் மெய்க்குண்டுப் பயிற்சியை நிறுத்தப் பணித்தது. டி.என்.ரி மண்ணில் ஒட்டிச் சிதைவடையும் இயல்புடையது, ஆர்.டி.எக்ஸ் என்னும் வெடிமருந்தோ மண்ணில் அவ்வளவாக ஒட்டாது நீரோடு நெடுந்தூரம் செல்லும். தீயணைப்பு நுரை மற்றொரு வகை: எண்ணெய்த் தீயை அடக்க விமானத்தளங்களில் தெளிக்கப்பட்ட நுரையில் காபனும் புளோரீனும் இறுகப் பிணைந்த செயற்கைச் சேர்வைகள் இருந்தன, அவை இயற்கையில் சிதைவதில்லை. அவுஸ்திரேலியாவின் வில்லியம்ரவுன் வான்படைத் தளத்தை அண்டிய மக்கள், தம் கிணற்று நீரைப் பயன்படுத்த வேண்டாம் என 2015இல் எச்சரிக்கப்பட்டனர். நுரையிலிருந்த இச்செயற்கைச் சேர்வைகளுள் முதன்மையான இரண்டுக்கு ஐக்கிய அமெரிக்கா 2024இல் இட்ட வரம்பு லீற்றருக்கு 4 நனோகிராம், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் நான்கு பங்கு. இவை கலந்த நீர் மணக்காது, நிறம் மாறாது, அதில் எண்ணெய் மிதக்காது. சுன்னாகத்து மக்களுக்கு மூக்கும் கண்ணும் செய்த உதவியை இங்கு அவை செய்யமாட்டா.

நைத்திரேற்று மாசே குடாநாட்டின் பெரிய பிரச்சினை, மற்றவை மிகைப்படுத்தல் என்று மறுப்பவர் உண்டு. வெங்காய, மிளகாய்த் தோட்டங்களின் யூரியாவும் மலசலகூடக் குழிகளும் சேர்ந்து, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக வழிகாட்டலைப் பல கிணறுகளில் தாண்டச் செய்திருப்பது உண்மை. கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை அது குறைக்கும் என்பதும் உண்மை. ஆனால் நைத்திரேற்று ஏன் தேடப்படுகிறது? தோட்டத்தில் என்ன போடப்படுகிறது என்பது ஊரறிந்த செய்தி என்பதால் தேடப்படுகிறது. பாவனைத் தகவல் திறந்திருந்த இடத்தில் அறிவியல் வளர்ந்தது. வேலிக்கு அப்பால் என்ன நடந்தது என்பது மூடியிருந்த இடத்தில், மாசு இல்லை என்பதற்கும் தேடவில்லை என்பதற்கும் வேறுபாடு காணப்படவில்லை.

பாதுகாப்பு இரகசியம் என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. எத்தனை பீரங்கி எங்குள்ளது என்பதைக் கூறுமாறு எவரும் கேட்கவில்லை. விடுவிக்கப்பட்ட காணியில் எரிபொருட் தாங்கி எங்கிருந்தது, கழிவு ஒயில் எங்கு ஊற்றப்பட்டது, நுரை எங்கு தெளிக்கப்பட்டது என்பவை படை விட்டுப்போன நிலத்தைப் பற்றிய செய்திகள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 5ஆம் பிரிவில் தேசிய பாதுகாப்பை விதிவிலக்காக வைத்த அதே வேளை, பொதுநலன் மேலோங்கும்போது தகவலை மறுக்கலாகாது என்றும் கூறுகிறது. குடிநீரைவிடப் பொதுவான நலன் ஒன்றை வலிகாமத்தில் காட்டுவது கடினம்.

எனவே வரிசை இதுவாக இருக்க வேண்டும்: காணி கையளிக்கப்படும்போது அதன் பாவனை வரலாறு பிரதேச செயலகத்தில் எழுத்தில் கையளிக்கப்படுதல், அதற்கேற்ப எச்சேர்வைகளைத் தேடுவது எனத் தீர்மானித்தல், மாரிக்கு முன்னும் பின்னுமாக அரச செலவில் மாதிரி எடுத்தல், முடிவைக் கிணற்றுப் பங்காளர் அனைவருக்கும் தமிழில் வழங்குதல். இவற்றுக்குக் காலம் பிடிக்கும். ஆனால் காத்திருக்க முடியாத ஒன்றுண்டு. மீளக்குடியேறுபவர் வளவில் கால் வைத்ததும் பற்றையை வெட்டி, அடுத்ததாகக் கிணற்றைக் கலக்கி இறைத்து, அடிச்சேற்றை அள்ளி வேலியோரம் கொட்டுகிறார். ஆவியாகாத எண்ணெயும் ஈயமும் வெடிமருந்து எச்சமும் தங்கியிருக்கக்கூடிய இடம் அந்தச் சேறுதான். கால் நூற்றாண்டுச் சான்று ஒரு முற்பகலில் அழிந்துபோகிறது. கிணற்றுக்குள் வெடிபொருள் இல்லை எனக் கண்ணிவெடி அகற்றுவோர் உறுதிசெய்த பின்னர், இறைப்பதற்கு முன்னர், மேல்நீரில் ஒரு கண்ணாடிக் குப்பியும் அடிச்சேற்றில் ஒரு குப்பியும் எடுத்து, திகதியும் காணியின் பெயரும் எழுதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாயிலாக ஆய்வுகூடக் குளிரறைக்கு அனுப்பிவைக்குமாறு கிராம அலுவலர்கள் ஒவ்வொரு குடும்பத்தையும் இப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.