பிஜித் தீவில் நம் சேப்பங்கிழங்கு

அத்திப்பட்டிலிருந்து எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் வழியாகச் செல்லும் இருப்புப்பாதை, துறைமுகத்தை ஒட்டிய கடற்கரை நிலையத்தில் நம்மை இறக்கிவிடுகின்றது. 1903 முதல் 1916 வரை அத்துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 15,000 பேர் பிஜித் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறினர். வட ஆர்க்காடு உள்ளிட்ட மாவட்டங்களின் எளிய மக்கள் அவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், நாட்கூலி ஆணுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். பாரதியார் நெஞ்சுருகிப் பாடியது இக்கரும்புத் தோட்டப் பெண்களைப் பற்றியே.

ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், ஊர், சாதி, உயரம், அங்க அடையாளம் அனைத்தும் குடியேற்றச் சீட்டில் எழுதப்பட்டன. அவர்களுடைய அடுப்பைப் பற்றி அச்சீட்டில் ஒரு சொல்லும் இல்லை. நம் பார்வையில் இது பெருங்குறையே. தொடக்க மாதங்களில் அரிசியும் பருப்பும் பங்கீடாகக் கிடைத்தன. அவற்றின் விலையைக் கூலியில் பிடித்துக்கொண்டனர். அதன்பின் அந்த மண் விளைவிப்பதையும் சமைத்தாக வேண்டும்.

அம்மண்ணில் விளைந்ததோ 'டாலோ'. பெயர்தான் புதிது, பொருள் நம் சேப்பங்கிழங்கின் இனமே. தென் ஆசிய, தென்கிழக்காசிய நிலங்களிலிருந்து பசிபிக் மக்களின் முன்னோர் படகுகளில் கொண்டுசென்ற பயிர் அது. நம்மவர் போய்ச் சேர்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அவர்களுடைய கிழங்கு அங்கே குடியேறியிருந்தது!

தீவினர் அதனை 'லோவோ' என்னும் மண்ணடுப்பில் சமைக்கின்றனர். குழி தோண்டி, விறகெரித்துக் கற்களைக் கனலச் செய்து, எரியாத கட்டைகளை அகற்றுவர். கற்களின்மேல் டாலோ, மரவள்ளி, வள்ளிக்கிழங்கு ஆகியவற்றையும் இலையில் பொதிந்த மீனையும் இறைச்சியையும் அடுக்குவர். வாழையிலையால் போர்த்தி மண்ணிட்டு மூடினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் வெந்துவிடும். டாலோ இலையில் தேங்காய்ப்பாலும் வெங்காயமும் பொதிந்து வேகவைப்பது 'பலுசாமி'. நம் ஊர்ப் பெயர் போல ஒலித்தாலும் அது தமிழன்று. சமோவாத் தீவினரும் வழங்கும் சொல்.

சேம்பின் இலையிலும் கிழங்கிலும் உள்ள ஊசி போன்ற நுண்படிகங்களே நாவில் அரிப்பை உண்டாக்குகின்றன. தீவினர் நெடுநேரம் வேகவைத்து அதனை அடக்கினர். நம் வீட்டுப் பெண்கள் புளியைச் சேர்த்தனர். (மரவள்ளி இருவருக்குமே அந்நியம், தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. திருவிதாங்கூரில் அதனைப் பரப்பியவர் விசாகம் திருநாள் மன்னர்.)

1920-இல் ஒப்பந்தமுறை ஒழிந்தது. பலர் திரும்பவில்லை. இன்று அவர்தம் வழிவந்தோர் டாலோவைக் குழம்பாகவும் வைக்கின்றனர், லோவோவிலும் இடுகின்றனர். சுவா நகரச் சந்தையில் தண்டோடு சேர்த்துக் கட்டிய டாலோக் கட்டுகளைத் தீவினரும் இந்திய வம்சாவளியினரும் அருகருகே நின்று விலை பேசி வாங்குகின்றனர்.