ஊருக்குக் கிளம்பும் முன்: பழைய காரின் இன்ஜினை நாமே சோதிப்பது எப்படி?

பெருநாள் விடுமுறை, திருமணம், மவ்த்துச் செய்தி என்று ஏதாவது ஒரு காரணத்துக்காக குடும்பத்தோடு நெடும்பயணம் போக வேண்டியிருக்கிறது. நம்மில் பலரிடம் இருப்பது பத்து, பதினைந்து வருடம் ஓடிய கார். கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தொல்லையில்லாமல் ஓடும் அதே வண்டி, சென்னையிலிருந்து காயல்பட்டினம் வரை 600 கிலோமீட்டருக்கு மேல், முழு லோடோடு, ஏசி போட்டு, வெயிலில் ஓடும்போதும் அப்படியே ஓடும் என்று நம்பிவிட முடியாது. ஊருக்குள் மறைந்திருக்கும் கோளாறு நெடுஞ்சாலையில்தான் வெளியே வரும்.

ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி திர்மிதீயில் பதிவாகியுள்ளது. வாகனத்தைச் சோதித்துவிட்டுக் கிளம்புவதும் அந்த வகைதான். கீழே உள்ள சோதனைகளுக்கு ஒரு மணி நேரம் போதும். ஆனால் பயணத்துக்கு முந்தைய இரவு செய்யாதீர்கள். ஒரு வாரம் முன்பே செய்தால்தான் பழுது பார்க்கவும், பார்த்த பிறகு ஓட்டிப் பார்க்கவும் அவகாசம் இருக்கும்.

1. காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கும் நடுவே இருக்க வேண்டும். கருப்பாக இருப்பது மட்டும் பயப்பட வேண்டிய விஷயம் அல்ல. பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் ஆயிலில் கூலண்ட் கலந்திருக்க வாய்ப்புண்டு. அந்த வண்டியை எடுக்காதீர்கள்.

அடுத்து கூலண்ட். டேங்கில் மேல், கீழ் கோடுகளுக்கு இடையே நிற்கிறதா என்று பாருங்கள். நிரப்பிய சில நாட்களிலேயே குறைந்தால் எங்கோ கசிகிறது, அல்லது இன்ஜினுக்குள் எரிகிறது. ரேடியேட்டர் ஹோஸ்களை அழுத்திப் பாருங்கள். வெடிப்பு, உப்பல், கொழகொழப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். குழாய்த் தண்ணீரை மட்டுமே ஊற்றிவந்தால் உள்ளே துருவும் உப்பும் படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும்.

பெட்ரோல் வாடை வருகிறதா? இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கென வடிவமைக்கப்படாத பழைய கார்களில் ரப்பர் ஹோஸ்களும் சீல்களும் விரைவில் கெட்டுப்போகலாம். வாடை இருந்தால் கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் கிளம்ப வேண்டாம்.

2. ஸ்டார்ட் செய்யும்போது

சாவியைத் திருப்பியதும் ‘டக்’ என்ற சத்தம் மட்டும் வந்தால் பேட்டரி பலவீனம், டெர்மினலில் பூஞ்சை, அல்லது செல்ஃப் மோட்டார் கோளாறு. மல்டிமீட்டர் இருந்தால் எளிது. ஓய்விலிருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். ஓடும்போதும் 12 சொச்சமே காட்டினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை என்று பொருள். புது பேட்டரி போட்டாலும் நடுவழியில் நின்றுவிடும்.

3. சைலன்சர் புகை சொல்லும் சேதி

நீலப் புகை: ஆயில் எரிகிறது. ஸ்டார்ட் செய்தவுடன் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல் தேய்மானம். ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் வரை தேய்ந்திருக்கலாம்.

கருப்புப் புகை: எரிபொருள் அதிகம், காற்று குறைவு. முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். மிகக் குறைந்த செலவில் தீரும் கோளாறு இதுவாக இருக்கலாம்.

வெள்ளைப் புகை: குளிர்ந்த காலையில் லேசாக வந்து மறைவது வெறும் நீராவி. இன்ஜின் சூடான பிறகும் அடர்த்தியாக, இனிப்பு வாடையோடு வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். டீசல் வண்டியில் இன்ஜெக்டர் கோளாறாலும் வெள்ளைப் புகை வரும்.

4. இன்ஜின் ஹீட் ஆகிறதா?

வண்டியை நிறுத்திவைத்து ஏசியோடு பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள். ஃபேன் சுற்ற வேண்டும், முள் நடுவில் நிற்க வேண்டும். டிராஃபிக்கில் ஏறி, வேகமாகப் போகும்போது இறங்கினால் ஃபேனைச் சந்தேகியுங்கள். ஊருக்குள் சரியாக இருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் ஹீட் ஆகாது என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். அது தீர்வு அல்ல. இன்ஜின் தனக்குரிய சூட்டை எட்டாமல் எரிபொருள் வீணாகும், தேய்மானம் கூடும், உண்மையான கோளாறும் மறைந்திருக்கும்.

5. மிஸ்ஸிங், பிக்கப் குறைவு

மேடு ஏறும்போது இழுவை இல்லாமல் குலுங்கினால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. உலர்ந்த கரி படிந்திருந்தால் எரிபொருள் அதிகம். ஆயில் பிசுபிசுப்பு இருந்தால் ஆயில் உள்ளே வருகிறது. வெளுத்துக் கொப்பளித்திருந்தால் சூடு அதிகம். எந்த சிலிண்டர் என்று தெரியவில்லையா? தனித்தனி இக்னிஷன் காயில் உள்ள வண்டியில் ஒன்றை அடுத்ததோடு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி அந்தக் காயில்தான்.

செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்து கோடு பார்க்கச் சொல்லுங்கள். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். கோடை அழித்துவிட்டு அனுப்பினால் கோளாறு போய்விடாது.

6. கண்ணுக்குத் தெரியாத டைமிங் பெல்ட்

மாருதி 800, ஆம்னி போன்ற பல கார்களில் டைமிங் பெல்ட் உண்டு. அது அறுவதற்கு முன் எச்சரிக்கை தராது. பல இன்ஜின்களில் அறுந்தால் வால்வுகள் வளைந்து இன்ஜினையே இறக்க வேண்டிவரும். வண்டியின் கையேட்டில் சொன்ன கிலோமீட்டரோ வருடமோ, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். பழைய கார் வாங்கி, எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால், பயணத்துக்கு முன் மாற்றிவிடுவதே நல்லது.

போகலாமா, வேண்டாமா?

பிளக், ஃபில்டர், பேட்டரி, ஹோஸ், வெளி பெல்ட்: மாற்றிவிட்டு 50 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துப் போகலாம்.

லேசான நீலப் புகை: ஒரு லிட்டர் ஆயில் கையில் வைத்துக்கொண்டு, நிறுத்தும்போதெல்லாம் அளவு பார்த்துப் போகலாம்.

ஆயிலில் கூலண்ட், தொடர்ந்து ஹீட், எரிபொருள் கசிவு, இன்ஜினுக்குள் தட்டும் சத்தம்: அந்த வண்டியில் போகாதீர்கள். பஸ்ஸோ ரயிலோ வாடகைக் காரோ எடுங்கள். வயதான உம்மாவும் கைக்குழந்தையும் இரவில் சாலையோரம் நிற்பதைவிட அந்தச் செலவு பெரிதல்ல.

வழியில் கவனிக்க

ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஓரங்கட்டி உடனே இன்ஜினை நிறுத்துங்கள். ‘அடுத்த பங்க் வரை’ என்று ஓட்டினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். ஹீட் முள் ஏறினால் ஏசியை அணைத்து நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் நீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள்.

நின்ற வண்டியில் ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு யாரும் தூங்க வேண்டாம். பழைய சைலன்சரில் ஓட்டை இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமோ வாடையோ இல்லை. உயிரைப் பறிக்கும்.

தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108. இரண்டையும் வீட்டில் எல்லோருடைய போனிலும் பதிந்துவையுங்கள். வண்டி நின்றுவிட்டால் பெண்களையும் குழந்தைகளையும் சாலைத் தடுப்புக்கு அப்பால் பாதுகாப்பாக நிற்க வையுங்கள். தொழுகைக்காக நிறுத்தும் இடங்களில் பானெட்டைத் திறந்து ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பயண துஆவை ஓதி, பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்படுங்கள். அல்லாஹ் உங்கள் பயணத்தை ஸலாமத்தாக்கி வைப்பானாக.